இணையறி கண்டுபிடித்த ஜோடி

விதவைக்கு ஓய்வூதியம் கொடுக்கிற அரசாங்கம், அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாளா என்று கவலைப்படுவது புதிதல்ல. எங்கள் காலத்தில் அந்தக் கவலைக்கு ஓர் இயந்திரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதன் பெயர் இணையறி. அது தனியாக வந்து இறங்கவில்லை. முதலில் வயதானவர்களின் வீடுகளில் நலம்காட்டி என்று ஒரு சின்னப் பெட்டியை இலவசமாக மாட்டினார்கள். வழுக்கி விழுந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடும், மூச்சு வாங்கினால் டாக்டருக்குச் சொல்லும். நல்ல சாமான். அது வந்த பிறகு, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வருஷா வருஷம் கருவூலத்துக்கு வந்து முகத்தைக் காட்டும் தொல்லையும் ஒழிந்தது. பெட்டியே சொல்லிவிடும். எல்லோரும் கைதட்டினோம். பிறகு நிதித்துறையில் யாரோ ஒரு புத்திசாலிக்குப் பொறி தட்டியிருக்கிறது. ஆள் உயிரோடு இருப்பதைச் சொல்லும் பெட்டி, ஆள் யாரோடு இருக்கிறார் என்பதையும் சொல்லாதா என்ன?

சட்டம் பழையதுதான். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர் மறுமணம் செய்துகொண்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். அதனால் பல பேர் கல்யாணத்தைப் பதிவு செய்யாமலே குடித்தனம் நடத்தினார்கள். இணையறி பதிவையெல்லாம் பார்க்காது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பேர் எழுவது, உண்பது, பேசுவது, உறங்குவது எல்லாவற்றையும் பெட்டி வழியாகக் கேட்டு, இவர்கள் இணையராக வாழ்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடும். ஆணும் பெண்ணும்தான் இணையர் என்ற சட்டமும் எப்போதோ போய்விட்டது. லட்சக்கணக்கான வீடுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட இயந்திரம், தப்பாது என்றார்கள்.

தப்பவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு ரிட்டயர்டு ஆசிரியரும் இறந்துபோன ஒரு சர்வேயரின் மனைவியும் தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார்கள். இணையறி வந்த மாதம் ஆளுக்கொரு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். வேர்க்கடலைப் பொட்டலம் மட்டும் நடுவில் இருக்கிற பெஞ்சில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குப் போவேன்.

போகிற இடம் தாமிரபரணிக் கரையில் ஒரு சார் கருவூலம். நான் அங்கே கள ஆய்வாளர். இணையறி ஒரு ஜோடியைச் சொன்னால் நான் நேரில் போய்ப் பார்த்து 'ஆம்' போட வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து ஓய்வூதியம் நின்றுவிடும். பதவியின் பெயர் பெரிதாக இருந்தாலும், வேலை என்னவோ ஊரார் வீட்டுப் படுக்கையறையில் காதை வைப்பது. வர்ஷினி கவர்ன்மென்ட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று என் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அந்த மாதம் இணையறி ஒரு ஜோடியின் பெயரைச் சொன்னது. சுடலைவடிவு, பொன்ராணி. திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு பேரும் எழுபதைத் தொட்டவர்கள். இரண்டு பேரும் ஒரே ஆளின் விதவைகள்.

அந்த ஆள் ஆறுமுகக்கனி, பொதுப்பணித் துறையில் ஜீப் ஓட்டியவர். என்ஜினியர்களை ஏற்றிக்கொண்டு கால்வாயின் தலைமடையிலிருந்து கடைமடை வரை ஓட்டுவதுதான் வேலை. தலைமடையில் சுடலைவடிவு என்கிற வடிவம்மாளோடு ஒரு குடித்தனம். பிள்ளை இல்லையென்று கடைமடையில் பொன்ராணியோடு இன்னொரு குடித்தனம். அங்கேயும் பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று, யாரும் வாயைத் திறக்கவில்லை. மனிதர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்காக அடித்துக்கொண்டு, கடைசியில் ஆளுக்குப் பாதி ஓய்வூதியம் என்று சமரசம் ஆனது. அதிலும் வடிவம்மாள் வக்கீலிடம் அடம்பிடித்து ஒரு வரியைச் சேர்த்திருந்தார். பொன்ராணியை மனைவி என்றோ குடும்பத்தாள் என்றோ ஏற்றுக்கொள்ளாமலே இந்தச் சமரசத்துக்கு உடன்படுகிறேன் என்று.

இந்த இரண்டு பேரைத்தான் இணையறி ஜோடி சேர்த்திருந்தது. சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

கதவைத் திறந்தவர் வடிவம்மாள். ஒல்லியான உடம்பு, கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"பென்சன் ஆபீசா? வாங்க தாயி. ஏட்டி, ஒரு சேர் எடுத்துப் போடு."

"நெஞ்சு படபடங்கு, செத்த படுக்கேன்னு சொல்லி வாய் மூடல, சேரத் தூக்கச் சொல்லுதீய" என்று உள்ளே இருந்து குரல்.

"அப்பம் நீ கெட. நானே எடுக்கேன்."

"அந்த முட்டிய வச்சிக்கிட்டா? விடுங்க யக்கா."

இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்தார்கள். நான் எதில் உட்கார்வது என்று தெரியாமல் நின்றேன். பொன்ராணி கொண்டுவந்ததில் உட்கார்ந்தேன். வடிவம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

ஒன்றாக இருப்பது எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஐப்பசி மழையில் கடைமடை முழுகிய வருஷம், பொன்ராணி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாராம்.

"ரெண்டு நாள்ல போயிருவேன்னு சொன்னா மேடம்" என்றார் வடிவம்மாள். "இந்தா, இப்பமும் போகத்தான் போறா."

"போகச் சொல்லுங்க, இப்பமே போறேன்."

"போயேன். யாரு காலப் பிடிச்சா? வெண்டக்காய நறுக்கி வச்சிட்டுப் போ."

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். வடிவம்மாள் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பொன்ராணி முதுகைத் தடவினார்.

"எனக்கும் இந்தக் கடமடக்காரிக்குமா? கல்யாணமா? அந்தப் பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அதுக்குக் கண்ணு கிடையாதும்மா. காதுதான்."

"காதிருந்தா நாங்க போடுத சண்டயக் கேக்கலியா?"

"கேட்டதாலதான் சொல்லுது. ஒரே வீட்ல வாடகைக்குச் சேர்ந்து இருக்கறவங்க சண்ட போட்டா, அன்னிக்கு அடுப்பு தனித்தனியா எரியுமாம். நீங்க சண்ட போட்டுட்டு ஒண்ணாத்தான் சாப்பிடறீங்க. சண்டைக்கு அப்புறம் என்ன நடக்குதுங்கிறதத்தான் அது முக்கியமாப் பாக்கும்."

"வேற என்னவாம்?" பொன்ராணிக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"இவங்க கோயிலுக்குப் போயிட்டு லேட்டா வந்தா நீங்க சாப்பிடாம உக்காந்திருக்கீங்க. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இவங்க தட்டைத் தொடறதில்ல. நம்ம ஊர்ப் பக்கத்து வீடுகளைக் கேட்டுக் கேட்டு இந்த இயந்திரம் ஒண்ணு கத்துக்கிட்டிருக்கு. பசி வந்த பிறகும் இன்னொரு ஆளுக்காகச் சாப்பிடாம காத்திருக்கிறது அம்மா பிள்ளைக்குச் செய்வா, இல்லாட்டி புருஷன் பொண்டாட்டி செய்வாங்க."

"பொண்டாட்டின்னு மட்டும் சொல்லுங்க" என்றார் பொன்ராணி. "எந்தப் புருசன் காத்திருந்தான்?"

மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் வடிவம்மாள்தான் முதலில் நிறுத்தினார்.

"சரி மேடம். அந்தப் பொட்டி சொன்னா சொல்லிட்டுப் போட்டும். பென்சனுக்கு ஒண்ணுமில்லல்லா?"

சொன்னேன். இரண்டு பாதியும் நிற்கும். ஓய்வூதியத்தோடு ஒட்டிய மருத்துவ அட்டையும் நிற்கும்.

 பொன்ராணி வெண்டைக்காய்த் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், நறுக்கவில்லை. வடிவம்மாள் என் பக்கம் குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார். "அடுத்த மாசம் அவளுக்கு நெஞ்சுல வால்வு மாத்துதாவ. பாளையங்கோட்டையில தேதி குடுத்தாச்சு. அந்த அட்டைய நம்பித்தான் குடுத்திருக்காவ. அது இல்லன்னா அவ இல்ல மேடம்."

கேட்காமல் என்ன? கேட்டது. பொன்ராணி எழுந்து அடுக்களைக்குப் போனார்.

எனக்கு மனசே சரியில்லை. ஆபீசுக்கு வந்து 'இல்லை' என்று போட்டேன். இணையறி ஏற்கவில்லை. சான்றுகளுக்கு எதிராக ஆய்வாளர் முடிவெடுத்தால் மாற்றுச் சான்று வேண்டும் என்றது. மாற்றுச் சான்றுக்கு ஒரே வழிதான் இருந்தது. சில நாட்கள் இருவரும் பிரிந்து இருந்து, இணையர்தான் என்று இணையறி காட்டும் உறுதியின் அளவு இறங்கினால் சந்தேகம் தீரும்.

அதைச் சொன்னதும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எதிர் வீட்டு மாடியில் ஒரு அறை இருந்தது. வீட்டுக்காரர் தங்கப்பழம், ரிட்டயர்டு கண்டக்டர், மனைவியை இழந்தவர், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவர் மாடியைக் கொடுத்தார். பொன்ராணி மறுபடி அந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். அறையில் நானே நலம்காட்டியை மாட்டிக் கொடுத்தேன்.

வார முடிவில் இணையறி எனக்குச் செய்தி அனுப்பியது. உறுதி இறங்கவில்லை, கிடுகிடுவென்று ஏறியிருந்தது.

போய்ப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. இந்த வீட்டு ஜன்னலில் வடிவம்மாள், எதிர் மாடி ஜன்னலில் பொன்ராணி. நடுவில் தெரு.

"நீ தின்னியாட்டி?" என்று இங்கிருந்து கேட்டார்.

"நீங்க தின்னாச்சா?" என்று அங்கிருந்து வந்தது.

"நீ மொதல்ல தின்னு."

"நீங்க தின்னுங்க, நான் திங்கேன்."

கீழே தங்கப்பழம் கை கழுவிக்கொண்டே வந்தார். "மேடம், ஒரு வாரமா இந்தக் கூத்துதான். ரெண்டு சோறும் ஆறி அவலாப் போன பொறவுதான் வாயில வைக்காவ. இதுக்கு ஒண்ணாவே கெடந்திருக்கலாம்."

பொன்ராணியைத் திரும்ப அழைத்துவந்தேன். டிரங்குப் பெட்டியைத் தங்கப்பழம் தூக்கிவந்தார். வடிவம்மாள் வாசலில் நின்று தங்கப்பழத்திடம், "கனத்தத் தூக்கவிடாம கூட்டிட்டு வந்தீருல்லா, சரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு தப்புக் காரியம் செய்தேன். மாடி அறையில் கழற்றிய நலம்காட்டியைச் சில நாள் என் வீட்டில் மாட்டிவைத்து, ஆபீசில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டையே இணையறியிடம் கொடுத்தேன். விதிப்படி கூடாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஒரே முகவரியில் வசிக்கும் இருவர். இணையர் என்பதற்குச் சான்று போதாது' என்றது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "அப்பாடா, இனிமே வாடகைல பாதி நீ குடுத்திரு" என்றார். இரண்டு பேரும் நன்றாகவே சிரித்தோம். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்திருந்தார்.

திங்கட்கிழமை வடிவம்மாள் கருவூலத்துக்கு வந்தார். பட்டுச்சேலை. கூடவே தங்கப்பழம், புது வேட்டியில்.

"மேடம், ஒரு உண்மையச் சொல்ல வந்தேன். நான் இவ்வோளக் கட்டிக்கிட்டேன்."

"யாரை?"

"இந்தா நிக்காவல்லா, இவ்வோளத்தான். கோயில்ல வச்சு. அதனால என் பாதி பென்சன நிப்பாட்டிருங்க. நான் வேற ஆளக் கட்டிக்கிட்டா, பொன்ராணிக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு ஆயிருமில்லா? என் பாதியும் அவளுக்கே போயிருமில்லா?"

யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விதி அப்படித்தான். ஒருத்தி விலகினால் அவள் பங்கு மற்றவளுக்கு. பொன்ராணியின் அட்டை நிற்கும், வால்வு வரும். வடிவம்மாளுக்கு ஒன்றுமிருக்காது. நான் தங்கப்பழத்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பொன்ராணி வந்தார். அவருக்கும் பட்டுச்சேலை. கூடவே தங்கப்பழம், அதே வேட்டியில்.

"மேடம், எங்க யக்காவுக்குத் தெரியாண்டாம். நான் இவ்வோளக் கட்டிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "மாப்பிள்ள" என்றேன் தங்கப்பழத்திடம், "நேத்து நடந்த கல்யாணம் என்ன ஆச்சு?"

மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் என்ன செய்ய மேடம்? மொதல்ல அவ்வோ வந்து கேட்டாவ, இவ்வோளுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. சாயங்காலம் இவ்வோ வந்து கேட்டாவ, அவ்வோளுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. ரெண்டு சத்தியத்தையும் காப்பாத்தணும்லா? நேத்தே வேட்டியத் தொவச்சுக் காயப் போட்டேன்."

பொன்ராணி அவரை ஒரு பார்வை பார்த்தார். "நேத்து யாரு வந்தா? யக்காவா?"

வடிவம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஆட்டோவில் வந்து இறங்கியவர் பொன்ராணியின் பட்டுச்சேலையைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிப்போய்ச் சத்தம் போட ஆரம்பித்தார். கருவூலமே எட்டிப் பார்த்தது.

"ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? நெஞ்ச அறுக்கப் போறவ நீ. நீ பென்சன விட்டுக் குடுத்தா அட்டைக்கு எங்க போவ?"

"அறுத்தாலும் நான் பொழைப்பனோ என்னவோ. நீங்க இன்னும் கெடக்கணும்லா? மாசம் பொறந்தா மாத்திரைக்கு என்ன பண்ணுவீய?"

"நான் என்னமும் பண்ணுவேன். ஒன்ன யாரு கேட்டா?"

"இந்த வயசுல எனக்காவ இன்னொருத்தனக் கட்டிக்கிட்டேன்னு ஊரக் கூட்டிச் சொல்லுவீயளோ? அந்த அசிங்கம் ஒங்களுக்கு வரவேண்டாம்னுதான் நான் வந்தேன்."

"எனக்கு அசிங்கம், ஒனக்கு அசிங்கமில்லியா?"

தங்கப்பழம் மெல்ல, "அப்பம் நான் கெளம்பட்டா?" என்றார்.  ஆபீஸ் மேசையில் இருக்கும் இணையறியின் திரை மட்டும் ஒளிர்ந்தது. இதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உறுதி முழுமை என்றது.

இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பொன்ராணிக்கு மூச்சு வாங்கியது. வடிவம்மாள் முந்தானையால் விசிறினார். எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அது பொய் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். உண்மையைச் சொல்கிற ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? பக்கத்து அறைக்குப் போய், வேறு வழி தெரியாமல், சட்டத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். நாங்கள் யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. மறுமணம் என்ற சொல் வந்ததும் நிறுத்திவிடுவோம்.

அதற்கு அடுத்த பத்தியில் ஒரு விலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் இறந்தவரின் தம்பியையே விதவைக்குக் கட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டுக்குள்ளேயே நடப்பதால் ஓய்வூதியமும் அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். பிற்பாடு எழுதியவர்கள் தம்பி என்ற சொல்லை எடுத்துவிட்டு, இறந்தவரின் குடும்பத்தைச் சேர்ந்த எவரையும் இணையராகக் கொண்டால் ஓய்வூதியம் தொடரும் என்று பொதுவாக்கியிருந்தார்கள். யாரையோ நினைத்து எழுதியது, யாருக்கோ உதவப்போகிறது.

ஓடிவந்து சொன்னேன். "இணையறி சொன்னதை நாம மறுக்க வேண்டாம். ஆமான்னே சொல்லிடுவோம். ஆனா வெளியாளை இல்ல, உங்க வீட்டுக்காரர் குடும்பத்து ஆளைத்தான்னு சொல்லுவோம். ரெண்டு பாதியும் அப்படியே வரும். அட்டையும் இருக்கும்."

"எங்க ரெண்டு பேரையும் புருசன் பொண்டாட்டின்னு எழுதிருவாவளா?" என்றார் வடிவம்மாள்.

"இணையர்னு எழுதுவாங்க."

"நம்ம ரெண்டு பேத்துல யாரு புருசன்?" என்றார் பொன்ராணி.

"வேல செய்யாம படுத்துக் கெடக்கவதான் புருசன். நீதான்" என்றார் வடிவம்மாள். மூச்சு வாங்கினாலும் பொன்ராணி சிரித்தார்.

"ஒரே ஒரு விஷயம்" என்றேன். சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. "இணையறி முன்னால ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும். ஒருத்தர இன்னொருத்தர், அவர் குடும்பத்து ஆள்தான்னு."

பொன்ராணிக்கு அதில் ஒன்றுமில்லை. இணையறி கேட்டதும், "இதென்ன கேள்வி? இவ்வோதான குடும்பத்துக்கே மூத்தவ்வோ" என்று சட்டென்று சொல்லிவிட்டார். பிறகு இணையறி தன் சமமான குரலில் அடுத்த கேள்வியைக் கேட்டது. பொன்ராணி, காலஞ்சென்ற ஆறுமுகக்கனியின் குடும்பத்தைச் சேர்ந்தவரா?

 கோர்ட்டில் வருஷக்கணக்காக வடிவம்மாள் மறுத்தது இந்த ஒன்றைத்தான். பாதி ஓய்வூதியத்தை விட்டுக்கொடுத்தார், இதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"வேண்டாம் யக்கா" என்றார் பொன்ராணி. "அத்தன வருசம் சொன்னத எனக்காவ மாத்தாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"நீ வாய மூடு." வடிவம்மாள் திரையை நேராகப் பார்த்தார்.  "ஆமா. இவ அவ்வோ குடும்பந்தான். என்னையும் இவளையும் விட்டா அவ்வோளுக்குக் குடும்பம்னு வேற யாரு இருக்கா?"

பொன்ராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தங்கப்பழம் புது வேட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, அரசு ஊழியர் இல்லையா.

இணையறிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. இணைந்த நாள் எது?

நான் சமாதானமாகச் சொன்னேன். "கடைமடையிலிருந்து பொட்டியோட வந்தாங்களே, அந்தத் தேதியப் போட்டுருவோம்மா."

"அது இல்ல" என்றார் வடிவம்மாள். யோசிக்கக்கூட இல்லை. "அவ்வோ செத்த அன்னைக்குப் போடுங்க."

"அன்னைக்கா? அன்னைக்கு உங்களுக்குள்ள பேச்சே கிடையாதே?"

"பேச்சென்ன, வாசப்படியே ஏறவிடல. வேப்பமரத்தடியில வெயில்ல நின்னா. தூக்கிட்டுப் போன பொறவு எல்லாரும் குளிச்சிட்டு வந்தாவ, பக்கத்து வீட்டுல ஆக்கிக் குடுத்ததச் சாப்பிட உக்காந்தாவ. அவ்வோ கூடப் பொறந்தவ்வோ, எங்க அண்ணன், எல்லாரும் உக்காந்துட்டாவ. மோர் இல்லியான்னு ஒருத்தன் கேக்கான். எனக்கு இறங்கல மேடம். எலையில கைய வச்சிட்டு ஜன்னலப் பாக்கேன், இவளுக்கும் யாரோ மரத்தடியில எல போட்டிருக்காவ. இவளும் கைய வச்சிட்டு அப்படியே உக்காந்திருக்கா. அந்தத் தெருவுலயே அன்னைக்குத் திங்காம இருந்தது நாங்க ரெண்டு பேருதான்."

பொன்ராணி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க பாத்தீயளா?" என்றார். "நானும் ஒங்களப் பாத்தேன் யக்கா."

நான் அந்தத் தேதியைத் தட்டினேன். இணையறி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.